டேங்கோ ஆட ரெண்டு பேர் வேணுமாம்

எங்கள் மீட்டிங்குகளில் அடிக்கடி காதில் விழும் ஆங்கிலத் தொடர் "இட் டேக்ஸ் டூ டு டேங்கோ". வாராக்கடன் விவகாரம் என்றால் கட்டாயம் வரும். வாங்கினவன் மட்டுமா, பார்த்துக் கொடுக்காத நாமும்தான் என்று அர்த்தம். நியாயம்தான்.

டேங்கோ என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ், உருகுவேயின் மான்டிவிடியோ பக்கம் உருவான ஜோடி ஆட்டம். பிழைக்க வந்த ஜனங்கள் கலந்து வாழ்ந்த பேட்டைகளில் பிறந்தது. (நம்ம கேஸ்தான்!) இந்தத் தொடரைப் பிரபலமாக்கியது 1952-ல் பேர்ல் பெய்லி பாடிய ஒரு காதல் பாட்டு. 1982 நவம்பரில், பிரஷ்னேவ் இறந்த கையோடு, சோவியத் உறவு பற்றிப் பேசும்போது ரீகனும் இதையே சொன்னார். காதலுக்கு எழுதினது, இப்போது ஆபீசில் பழியைப் பங்கு போட உதவுகிறது.

நம் ஊரில் ஒரு கை தட்டினால் ஓசை வராது என்போம். இங்கே ஹைதராபாத் ஆட்டோக்காரர் "ஏக் ஹாத் சே தாலி நை பஜ்தி" என்பார். எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் போன மாதம் இது எனக்குக் கசந்தது. எங்கள் கிளைக்கு வரும் ரிட்டையர்டு டீச்சரம்மா, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டார். 80,000 ரூபாய் போச்சு. பக்கத்து சீட்காரர் சிரித்துக்கொண்டே, "அவங்கதானே நம்பர் சொன்னாங்க, டூ டு டேங்கோ சார்" என்றார். அமெரிக்காவிலிருக்கும் மகனும் போனில் கிட்டத்தட்ட அதையேதான் கத்தினான்.

ஆட்டம் நடக்கிறது என்றே தெரியாதவர் எப்படி ஜோடி ஆவார்? ரூல் வேறு விஷயம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும்வரை நஷ்டம் நம்முடையது. கொடுத்த பிறகு போவது வங்கியுடையது. அதனால்தான் திட்டுவதற்கு முன்னால் 1930-க்கும் வங்கிக்கும் போன் செய்யச் சொல்கிறேன். அந்த மகன் முதல் அரைமணி நேரம் அம்மாவைத் திட்டினான்.

நான் 1930-க்குப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் பணம் வழியிலேயே நின்றது. டீச்சரம்மா அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "அவனும் என்னை அம்மான்னுதான் கூப்பிட்டான் பாபு" என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.