தண்ணியில் நிற்கிற நீலம்

என் மேசையில் இப்போது பதினான்கு மைப் போத்தல்கள் இருக்கின்றன. அம்மா ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு பேனைக்கு எத்தினை மை பிள்ளை வேணும்?" என்று கேட்டார். பேனைகளும் நான்கு என்பதை நான் சொல்லவில்லை.

இது சேஜெப் இரண்டாம் வருடத்தில் தொடங்கியது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஊற்றுப்பேனையால் குறிப்பெழுதுவாள். ஒரு நாள் என் போல்பொயின்ற் தீர்ந்துபோக, தன்னுடையதைத் தந்தாள். அதற்குள் இருந்தது பைலட் நிறுவனத்தின் 'கொன்-பெக்கி' என்ற நீலம். இரண்டு வரி பிரெஞ்சில் எழுதினேன். பிறகு யாரும் பார்க்காத மூலையில் தமிழில் ஒரு 'ழ' எழுதிப் பார்த்தேன். மேல் வளைவு வெளிர் நீலம். கீழே கோடு முடிகிற இடம் கடும் நீலம். ஒரே எழுத்துக்குள் இரண்டு நீலம்!

அது ஏன் என்று பிறகுதான் விளங்கியது. நிப் வேகமாக ஓடுகிற இடத்தில் மை குறைவாக விழும். வேகம் குறைகிற இடத்திலும் நிற்கிற இடத்திலும் தேங்கும். நம்முடைய எழுத்துக்களில் சுழிக்குச் சுழி நிப் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதனால் 'ண', 'ஞ', 'இ' எல்லாம் நல்ல மையில் எழுதினால் நீர்வர்ண ஓவியம் மாதிரி வரும். பன்னிரண்டு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போன எனக்குத் தமிழ் எழுத்து வடிவு என்று முதன்முதலில் தோன்றியது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு விசர் பிடித்தது. கொன்-பெக்கி வருகிற வரிசைக்கு 'இரோஷிசுக்கு' என்று பெயர். 2007இல் வெளிவந்தது. நிறங்களுக்கெல்லாம் யப்பானிய இயற்கையிலிருந்து எடுத்த பெயர்கள். 'யாமா-புடோ' என்றால் காட்டுத் திராட்சை. யாழ்ப்பாணத்தில் யாராவது பெயர் வைத்திருந்தால் அது நாவற்பழம் என்றுதான் இருந்திருக்கும், எழுதி முடித்த விரலைப் பார்த்தாலே தெரியும். 'கு-ஜாக்கு' என்றால் மயில். ஆனால் மயிலுக்குக் கிட்ட வருவது அதுவல்ல, பிரான்சின் ஜே. ஹெர்பான் செய்கிற 'எமெரோட் து ஷிவோர்' என்று நான் சண்டை பிடிப்பேன். பச்சைநீலம், அதற்குள் தங்கத் துகள். கடதாசியைச் சரித்துப் பிடித்தால் மேலே ஒரு சிவப்பு மினுக்கம். அம்மாவின் மயில்கழுத்துச் சேலையும் இப்படித்தான் சரித்தால் நிறம் மாறும். சேலையில் அதற்குக் காரணம் பாவு நூல் ஒரு நிறம், ஊடு நூல் வேறு நிறம். மையில் காரணம், சாயம் கடதாசிக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்து படிவது. அதனால்தான் அந்த மினுக்கம் மலிவுக் கொப்பியில் வராது. மெழுகு போல வழுவழுப்பான கடதாசி வேண்டும். நான் பாவிப்பது கிளேர்ஃபொந்தேன், சதுர மீற்றருக்கு 90 கிராம். மொன்றியலில் அது கிடைப்பது கஷ்டமில்லை.

ஹெர்பானின் இன்னொரு மை 'வியோலெத் பொன்சே'. பார்க்கச் சாதாரண ஊதாதான். ஆனால் பிரான்சில் ஒரு காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டெழுதியது ஊதா மையால். அங்கே வகுப்பில் போல்பொயின்ற் பாவிக்க அரசாங்கம் சம்மதித்தது 1965இல்தான். 1864இல் தொடங்கிய டயமைன் நிறுவனத்தின் 'ஒக்ஸ்பிளட்' பெயருக்கேற்ற காய்ந்த இரத்தச் சிவப்பு. காதல் கடிதத்துக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஜனவரியில் பாதி மை உள்ள பேனையைக் கோட்டின் வெளிப் பையில் வைத்துக்கொண்டு மெற்றோவுக்குள் இறங்காதீர்கள். வெளியில் மைனஸ் இருபது, உள்ளே வெக்கை. பேனைக்குள் இருக்கிற காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். நிரம்பிய பேனையில் காற்றுக் குறைவு, அது பரவாயில்லை. பேனையை நிப் மேலே பார்க்க நிமிர்த்தி, உடம்புக்குக் கிட்ட உள்பையில் வையுங்கள். என் கோட்டின் உள்துணி இன்னும் நாவற்பழ நிறம்.

இதுவரைக்கும் நான் மையை ஒப்பிட்டது நிறத்துக்காக மட்டும்தான். எது வடிவு, எது மினுங்குது, எது எந்தக் கடதாசியில் பரவாமல் நிற்குது. 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி அது மாறியது.

டெபி புயலின் மிச்சம் அன்றைக்கு மொன்றியலுக்கு மேலே வந்து நின்றது. ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நகரம் முழுக்க எத்தனையோ வீடுகளின் பேஸ்மென்றுக்குள் தண்ணி. எங்கள் பேஸ்மென்றில் முழங்கால் வரை. ஃபிரிஜ் போனது, தம்பியின் ஹொக்கிச் சாமான்கள் போயின. கீழ்த்தட்டில் இருந்த ஒரு சப்பாத்துப் பெட்டியும் நனைந்தது. அதற்குள் அப்பப்பாவின் கடிதங்கள்.

அப்பா 1987இல் இங்கே வந்தவர். அப்பப்பா ஊரிலிருந்து அவருக்கு எழுதிய முப்பத்தொரு கடிதங்கள். நான் அவரைக் கண்டதில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அம்மாவின் உடுப்புக் காயப்போடுகிற கம்பியில் காயவைத்தோம். இருபத்திரண்டு கடிதங்களில் எழுத்தே இல்லை. வெளிர் நீலப் புகை மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான். ஒன்பது கடிதங்கள் ஒரு எழுத்தும் கலையாமல் இருந்தன.

அந்த ஒன்பதும் 1995 ஒக்ரோபர் 30க்குப் பிறகு வந்தவை. அந்த இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க வீட்டை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. அப்பப்பாவும் நடந்தார். பேனையும் மைப் போத்தலும் வீட்டு மேசையிலேயே நின்றுவிட்டன. அதன்பிறகு அவர் எழுதியதெல்லாம் யாரிடமோ வாங்கிய போல்பொயின்றால், கொழும்புக்குப் போகிற யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியவை. போல்பொயின்றில் இருப்பது எண்ணெய்ப் பசை போன்ற மை, தண்ணி அதை அசைக்காது. வீட்டில், மேசையில், ஆறுதலாக இருந்து எழுதிய கடிதங்கள்தான் போயின.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கடதாசிகளையும் திரும்ப அடுக்கி, புதுப் பெட்டியில் வைத்தார்.

நான் அந்தக் கிழமை முழுக்க மைகளை மறுபடியும் ஒப்பிட்டேன். ஒவ்வொரு மையாலும் ஒரே வரி: 'நலம், நலமறிய ஆவல்.' ஒரு நாள் காயவிட்டு, கீலம் கீலமாக வெட்டி, பேக்கிங் தட்டில் தண்ணி விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். ஊதா முதல் நிமிடத்திலேயே போய்விட்டது. மயில் மை தட்டு முழுவதையும் பச்சையாக்கி, அடியில் தங்கத் துகளை விட்டுவிட்டுப் போனது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது, அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. ஒக்ஸ்பிளட் இளஞ்சிவப்பு மேகம். கொன்-பெக்கியில் நிறம் போய், மங்கலாக ஒரு கோடு நின்றது, கண்ணைச் சுருக்கினால் வாசிக்கலாம்.

'றோயல் புளூ' என்று விற்கிற நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது கழுவினால் போக வேண்டும் என்றே செய்கிற மை. பிள்ளைகளின் உடுப்பில் பட்டால் அம்மாமார் பேசக்கூடாது என்பதற்காக. ஜெர்மனியிலும் பிரான்சிலும் படிக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்கும். என் மச்சாள் டோர்ட்முண்டில் முதலாம் வகுப்புகளிலேயே ஊற்றுப்பேனையும், பிழை அழிக்கிற 'ரின்ரன்கில்லர்' பேனையும் வைத்திருந்தாள். அந்த அழிப்பான் மையைத் துடைப்பதில்லை. சாய மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது, நிறம் தெரியாமல் போகிறது. அப்பப்பா எந்த மை பாவித்தவர் என்று அப்பாவுக்கு ஞாபகமில்லை. ஆனால் தட்டில் அந்த நீலம் கரைந்த விதத்தைப் பார்த்தபோது, அதே மாதிரிச் சாயம்தான் என்று எனக்குப் பட்டது.

நின்றவை இரண்டு வகை. ஒன்று நிறமித் துகள் உள்ள மை. செய்லர் நிறுவனத்தின் 'செய்-பொக்கு' அப்படி, நீலக்கறுப்பு. அதில் இருப்பது கரைந்த சாயமல்ல, மிக நுண்ணிய துகள்கள். அவை கடதாசி நாருக்குள் போய் இருந்துவிட்டால் தண்ணிக்கு எழும்பாது. பேனைக்குள் காயவிட்டால் அங்கேயும் எழும்பாது என்பது அதன் குணத்தில் மற்றப் பாதி.

மற்றது இரும்பு மை. மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்புச் சத்தும் சேர்ந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, கடதாசியோடு பிடித்துக்கொள்கிற மை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதியது இதால்தான். அங்கே ஓக் மரத்தில் பூச்சி கடித்து வருகிற காய்களில் எடுத்தார்கள். நம் பக்கத்தில் கடுக்காயும் அன்னபேதியும். அன்னபேதி என்றால் இரும்பு சல்பேற்று, சித்த மருந்துக்காரருக்குத் தெரிந்த சாமான்.

கடுக்காய் தமிழ்க் கடையில் இருந்தது. அன்னபேதி இல்லை. அதனால் இரும்புக் கம்பிப் பஞ்சை வினாகிரியில் ஐந்து நாள் போட்டு வைத்தேன். (வீடு நாறியது. அம்மாவின் கருத்தை இங்கே எழுத முடியாது.) கடுக்காயை உடைத்து அவித்து வடித்தால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கசாயம். அதற்குள் இரும்புத் தண்ணியைச் சொட்டு விட்டதும் கண் முன்னாலேயே கறுத்தது. அப்பா எட்டிப் பார்த்து, "கடுக்காயோ? அது வயித்துக்கல்லோ குடிக்கிறது" என்றார். நான் மை என்று சொன்னதும், "ஆர் ஆருக்குக் கடுக்காய் குடுக்கிறது?" என்று சிரித்தார். தண்ணி வந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தொட்டெழுதுகிற நிப்பால் எழுதினேன். எழுதும்போது வெளிர் சாம்பல், அடுத்த நாள் காலையில் கறுப்பு. தண்ணியில் அரை மணித்தியாலம் கிடந்தும் அசையவில்லை. ஆனால் இதை ஊற்றுப்பேனைக்குள் விடவே கூடாது. அமிலம் நிப்பை அரிக்கும், அடியில் மண்டி கட்டும். கூடுதலாக இரும்பு போட்டுச் செய்த பழைய மைகள் கடதாசியையே தின்று ஓட்டையாக்கியிருக்கின்றன. பேனைக்கென்று மென்மையாகச் செய்த இரும்பு மைகளும் இருக்கின்றன. அதில் ஒன்று ஜெர்மனியின் றோரர் உண்ட் கிளிங்னர் செய்கிற 'சாலிக்ஸ்'. எழுதும்போது நல்ல நீலம். நாள் போகப் போகச் சாம்பல் கலந்த நீலக்கறுப்பு. தண்ணியில் போட்டால் நீலம் கொஞ்சம் கழன்று போகும், எழுத்து நிற்கும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பேனையைக் கழுவினால் போதும்.

எனக்கு இந்தத் தேடல் எதற்கு என்று அப்பாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு என் மேசைக்கு வந்து, "முதல் கடிதம் எனக்குப் பாடம்" என்றார். வந்த புதிதில், கோட்-டெ-நேஜில் ஐந்து பேர் இருந்த அறையில், அதைத் திரும்பத் திரும்ப வாசித்தவராம். அவர் சொல்ல நான் எழுத வேண்டும்.

எந்த மையில் என்பதில் சண்டை வந்தது. நான் செய்-பொக்கு என்றேன், எல்லாவற்றிலும் உறுதியானது அது. அப்பா எழுதிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "இது கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கு. ஐயா நீலத்திலைதான் எழுதினவர்" என்றார். றோயல் புளூவைக் காட்டினேன், முகம் மலர்ந்தது. அதுதான் நிறம் என்றார். அது தண்ணியில் போய்விடும் என்றேன். "நீ பேஸ்மென்றிலை வைக்காதை" என்றார்.

கடைசியில் சாலிக்ஸ். திருவள்ளூரில் ரங்கா நிறுவனம் கையால் கடைகிற எபனைட் பேனை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்குள் நிரப்பினேன். மேலே பிள்ளையார் சுழி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், நான் எழுதினேன். முதல் வரியிலேயே 'நலமரிய' என்று எழுதிவிட்டேன். "பெரிய றனா" என்றார் கண்ணைத் திறக்காமல், நான் உச்சரித்ததில் பிடித்திருப்பார் போல. இரும்பு மையில் எழுதியதை அந்த ஜெர்மன் அழிப்பானாலும் அழிக்க முடியாது. வெட்டிவிட்டு மேலே 'றி' போட்டேன். அந்த வெட்டும் கடிதத்தோடு இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து அப்பா கொப்பியை எடுத்துப் பார்த்தார். "நிறம் மாறிப்போச்சு" என்றார். அது அப்படித்தான் அப்பா, காற்றுப் பட்டுக் கறுக்கும், அதனால்தான் நிற்கும் என்று விளங்கப்படுத்தினேன். கேட்டார். பிறகு யன்னலடியில் கொண்டுபோய் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

இதுவரை ஏழு கடிதங்கள் எழுதியாயிற்று. எல்லாம் முழுதாக இல்லை. சிலதில் நான்கு வரிதான் அப்பாவுக்கு வருகிறது. லண்டனில் இருக்கிற அத்தைக்கு ஞாயிறுகளில் வீடியோ கோல் எடுத்துக் கேட்கிறோம், அவவுக்கும் அப்பப்பா இதே செய்திகளை எழுதியிருக்கிறார். ஐந்தாவது கடிதத்தில் சிவப்பு மாட்டை விற்ற கதை வருகிறது. அத்தை அது 1989 என்கிறா. அப்பா 1990 என்கிறார், இல்லாவிட்டால் தனக்கு ஏன் அந்தக் காசில் கோட் வாங்கச் சொல்லி எழுதினவர் என்று கேட்கிறார். இருவரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. அந்த வருடத்தை மட்டும் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.