நடுப்படகு

ஆகஸ்ட் 23

அக்கா மகன் தன் லாட்ஜின் மூன்றாம் மாடியில் ஒரு வைஃபை எக்ஸ்டென்டர் வாங்கி மாட்டியிருக்கிறான். கடையில் அதை ‘பூஸ்டர்’ என்று சொல்லி விற்றார்களாம். “சிக்னல் ஃபுல்லா காட்டுது மாமா, வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது” என்றான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கம்பியில் வருவதும் காற்றில் வருவதும் என் தலையில்தான் விடியும்.

கீழே ரவுட்டர் பக்கத்தில் அளந்தேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 90க்கு மேல் வருகிறது. மாடியில் 20ஐத் தாண்டவில்லை. போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் எக்ஸ்டென்டருக்கும் உள்ள நெருக்கத்தைத்தான் சொல்லும். எக்ஸ்டென்டர் ரவுட்டரைத் தொலைவிலிருந்து தட்டுத்தடுமாறிக் கேட்டுக்கொண்டிருந்தாலும் போனில் கோடு குறையாது.

ஆகஸ்ட் 24

அட்டைப் பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். அந்த 300கூட ஆய்வகத்து எண். வீட்டில் அதில் பாதி வந்தாலே பெரிது. பெட்டியின் அடியில் கேபிள் செருக ஒரு துளை இருக்கிறது. அது 100 எம்பிபிஎஸ் துளை. இதை எங்கும் பெரிய எழுத்தில் காணோம்.

ஆகஸ்ட் 25

மாப்பிள்ளைக்குப் புரியவைக்கக் கடலைத்தான் துணைக்கு அழைத்தேன். ஆழத்தில் நிற்கும் படகின் வயர்லெஸ் கரைக்கு எட்டவில்லை என்றால், நடுவில் நிற்கும் படகு கேட்டுச் சொல்லும். ஆழத்துப் படகுக்காரர் பேசி முடித்து ‘ஓவர்’ சொன்ன பிறகுதான் நடுப்படகுக்காரர் வாய் திறக்க முடியும். ஒரே செய்தி ஒரே சேனலில் இரண்டு முறை போகிறது, நேரமும் இரட்டிப்பாகிறது. எக்ஸ்டென்டர் செய்வதும் இதுதான். ஒவ்வொரு துண்டுத் தகவலையும் முதலில் வாங்க வேண்டும், பிறகு திரும்பச் சொல்ல வேண்டும். அதனால் வேகம் பாதி.

“ஒரே நேரத்துல கேட்டுக்கிட்டே பேசக்கூடாதா மாமா?” நல்ல கேள்வி. வைஃபை பெட்டி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு சக்தியில் பேசுகிறது. சுவர்களைத் தாண்டி அதன் காதுக்கு வந்து சேர்வது அதில் நூறு கோடியில் ஒரு பங்காக இருக்கலாம். தன் குரலே காதை அடைக்கும்போது அந்த முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்? நாங்கள் மைக்ரோவேவ் கோபுரங்களில் ஒரு அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் அனுப்பியதும், ஹாம் வானொலிக்காரர்கள் 145 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டரில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவதும் இந்தத் தொல்லைக்காகத்தான். இரட்டை அலைவரிசை எக்ஸ்டென்டரிலும் அந்த வழி உண்டு: ரவுட்டரோடு 5இல் பேசு, போனோடு 2.4இல் பேசு. ஆனால் அமைப்பில் போய் நாம்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26

பெட்டியை இடம் மாற்றினோம். சிக்னல் செத்துக் கிடந்த அறைக்குள்ளேயே அதை மாட்டியிருந்தான். அங்கே வந்து சேராததை அது எங்கிருந்து எடுத்துச் சொல்லும்? இடையில் கம்பி கட்டிய கான்கிரீட் தளங்கள் வேறு. படிக்கட்டுத் திருப்பத்துக்குக் கொண்டுவந்ததும் 40ஐத் தொட்டது. கோடு ஒன்று குறைந்தது, வேகம் கூடியது. மாப்பிள்ளைக்கு அதை நம்பவே மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 29

ஊர்த் திருவிழாவின் கொடியேற்றம். காவி உடுத்தி நடந்து வந்தவர்களும் ரயிலில் வந்தவர்களுமாக ஊர் கொள்ளவில்லை. லாட்ஜுக்கு லாட்ஜ் ரவுட்டர், அறைக்கு அறை ஹாட்ஸ்பாட். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் பேச 1, 6, 11 என்று மூன்று சேனல்தான் தேறும். 2005 முதல் இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். எனவே புகார் சொல்லவும் ஆளில்லை. வைஃபை மரியாதை தெரிந்தது, காற்று காலியானால்தான் பேசும். இன்று சாயங்காலம் காலியாகவே இல்லை. பக்கத்து வீட்டு அரட்டைக்கும் நம் பெட்டி வாயை மூடி நிற்க வேண்டும்; அதன் பிறகு ஒன்றையே இரண்டு முறை சொல்லவும் வேண்டும். மாடியில் 6க்கு இறங்கிவிட்டது.

செப்டம்பர் 1

மின்வயர் போகும் குழாயை விட்டுத் தள்ளி, தண்ணீர்க் குழாயை ஒட்டி ஒரு கேட்-6 கேபிளை மேலே ஏற்றினோம். 100 மீட்டர் வரை அதற்குக் கவலையில்லை. எக்ஸ்டென்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ ஆக்கி, போன்களை 5க்கு மாற்றினேன். அந்தச் சின்னத் துளை வழியாகவே 88 வந்தது. பெட்டி அதேதான், ரவுட்டர் சொல்வது இப்போது கம்பியில் வருகிறது, காற்றில் ஒரு முறை பேசினால் போதும்.

செப்டம்பர் 9

கொடி இறக்கியாயிற்று. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் தன் கட்டடத்தில் எக்ஸ்டென்டருக்கு எக்ஸ்டென்டர் கோத்து நாலு மாடிக்கும் கொடுக்கப்போகிறாராம். எல்லாம் ஒரே சேனலில் இருந்தால் இரண்டு பெட்டி தாண்டும்போது மூன்றில் ஒரு பங்கு, மூன்று தாண்டினால் நாலில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “சுவர்ல துளை போட்டா பெயின்ட் போயிடுமே சார்” என்றார். நான் துளைக்கருவியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.