ஜாய் டிவிஷன்: நாலு வருஷம், ரெண்டு ஆல்பம், ஒரு வலிப்பு நோயாளி

கறுப்பு டி-ஷர்ட், அதில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி அடுக்கடுக்காக ஏறி இறங்கும். அந்தப் படத்தை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பலர் அதை ஈசிஜின்னு நினைக்கிறாங்க. மருத்துவம் படிக்கிற பசங்க இன்னும் ஒரு படி மேலே போய் ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு என்பார்கள். ரெண்டும் இல்லை. 1967ல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பல்சர் நட்சத்திரத்திலிருந்து வந்த ரேடியோ துடிப்புகள் அவை. ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்த அந்தப் படத்தை 1979ல் பிரிட்டனின் ஒரு ராக் குழு தன் முதல் ஆல்பத்துக்கு அட்டையாகப் போட்டது. முன் அட்டையில் குழுவின் பெயர்கூடக் கிடையாது.

ஈஈஜின்னு சொல்றவங்களைத் திருத்த எனக்கு மனசு வராது. அந்தக் குழுவின் பாடகருக்கு வலிப்பு நோய் இருந்தது. இந்த நீளமான இழை அவரைப் பற்றியது. பொறுமையா வாசிங்க.

குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். மான்செஸ்டர் பக்கத்துப் பையன்கள் நாலு பேர். 1976 ஜூன் 4ஆம் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு மான்செஸ்டரில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தது. பார்க்க வந்த கூட்டம் ரொம்பக் கம்மி. அதில் இருந்த பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் என்ற ரெண்டு பள்ளி நண்பர்களுக்கு 'இவ்வளவுதானா, இதை நம்மளும் செய்யலாமே'ன்னு தோணிடுச்சு. மறுநாளே ஹூக் போய் பேஸ் கிதார் வாங்கிட்டார். வாசிக்கத் தெரியாது, அது வேற விஷயம். பிறகு இயன் கர்ட்டிஸ் பாடகராக வந்தார், ஸ்டீஃபன் மோரிஸ் டிரம்ஸுக்கு வந்தார்.

கர்ட்டிஸ் செய்துகொண்டிருந்த வேலையைக் கவனிங்க. மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கிற பொறுப்பு அவருக்கு. அங்கே வேலை கேட்டு ஒரு பெண் வந்துபோய்க்கொண்டிருந்தார். அவருக்கு வலிப்பு நோய். கொஞ்ச நாளாக ஆளைக் காணோமே, வேலை கிடைச்சிருக்கும்னு கர்ட்டிஸ் நினைத்திருக்கிறார். வலிப்பு வந்து இறந்துபோனார் என்ற செய்தி பிறகுதான் தெரிந்தது. அதை அவர் ஒரு பாட்டாக எழுதினார். குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் அதுவும் ஒன்று.

அதை எழுதும்போது தனக்கும் அதே நோய் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

1978 டிசம்பர் 27 அன்று லண்டனில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. முடித்துவிட்டுக் குளிரில் காரில் ஊர் திரும்பும்போது கர்ட்டிஸுக்கு வலிப்பு வந்தது. வழியில் லூட்டன் ஊர் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். அடுத்த மாதமே வலிப்பு நோய் என்று உறுதியானது. அப்போது வயது 22. மனைவி கர்ப்பமாக இருந்தார்.

அந்தக் காலத்து வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1979ல் மருத்துவர் கையில் இருந்தவை ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின், கார்பமஸெப்பின், வால்ப்ரோயேட். எல்லாமே நல்ல மருந்துகள், இன்றைக்கும் எங்க மருந்தகத்தில் இருக்கு. ஆனால் முதல் மருந்து தூக்கத்தை இழுக்கும், எரிச்சலைக் கூட்டும், ஏற்கெனவே மனச்சோர்வு இருக்கிறவரை இன்னும் கீழே தள்ளும். இப்போ நாங்க சாதாரணமா எழுதுற லெவெட்டிராசிட்டம் வர இன்னும் இருபது வருஷம் பாக்கி. அதுக்கும் மனநிலையைக் கெடுக்கிற பக்கவிளைவு உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். எம்ஆர்ஐ நடைமுறைக்கே வரவில்லை. சிடி ஸ்கேன் அப்போதுதான் பெரிய மருத்துவமனைகளில் பரவிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வேடிக்கை பாருங்க. சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்ட் வேலை பார்த்தது ஈஎம்ஐ கம்பெனியில். பீட்டில்ஸ் ரெக்கார்டுகளை வெளியிட்ட அதே ஈஎம்ஐ. செக்ஸ் பிஸ்டல்ஸை ஒப்பந்தம் போட்டு உடனே கழட்டிவிட்டதும் அதேதான். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் கிடைத்தது 1979ல்.

நம்ம பையன்களோ ஈஎம்ஐ மாதிரி இடத்துக்குப் போகவில்லை. மான்செஸ்டரிலேயே டோனி வில்சன் என்ற டிவி தொகுப்பாளர் நண்பர்களோடு ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்று ஒரு சுயாதீன நிறுவனம் ஆரம்பித்திருந்தார். லாபத்தில் பாதிக்குப் பாதி. இசைக்கு உரிமை குழுவுக்கே, கம்பெனிக்கு எதுவும் சொந்தமில்லை, பிடிக்கலைன்னா எப்போ வேணும்னாலும் கிளம்பலாம். இதை ஒரு தாளில் எழுதி வைத்ததோடு சரி. முதல் ஆல்பத்துக்கு வில்சன் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டில் பதிவு. அதே மாதத்தில் கர்ட்டிஸுக்குப் பெண் குழந்தை. ஜூனில் 'அன்னோன் ப்ளஷர்ஸ்' வெளிவந்தது.

சுயாதீனம்னா என்னன்னு இந்தக் குழுவின் கதையில் பார்க்கலாம். 'ஹிட் பாட்டு கொடு', 'முடியை மாத்து' என்று சொல்ல முதலாளி இல்லை. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் குழுவின் மேடைச் சத்தத்தை அப்படியே குளிரவைத்து, காலிக் கட்டடத்தில் எதிரொலிக்கிற மாதிரி ஆக்கினார். சம்னருக்கும் ஹூக்குக்கும் அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் அப்படியே வெளிவந்தது. பெரிய கம்பெனியில் இதெல்லாம் நடந்திருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

அதே சுயாதீனத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 'உனக்கு மூணு மாசம் லீவு, வீட்டில் படு' என்று சொல்வதும் அங்கே யாருடைய வேலையும் இல்லை. மேலாளர் ராப் கிரெட்டனுக்கும் 30 வயதுகூட ஆகவில்லை. எல்லாரும் நண்பர்கள். 1979 இலையுதிர் காலத்தில் பஸ்காக்ஸ் குழுவோடு நாடு முழுக்கச் சுற்றுப்பயணம், அதற்காக அரசு வேலையும் போச்சு. 1980 ஜனவரியில் ஐரோப்பா. மார்ச்சில் லண்டனில் ரெண்டாவது ஆல்பம் 'க்ளோசர்' பதிவு. வலிப்பு நோயாளிக்கு நாங்க சொல்ற முதல் நாலு அறிவுரை என்ன? நேரத்துக்குத் தூங்கு, நேரத்துக்கு மாத்திரை போடு, குடிக்காதே, உடம்பை வருத்தாதே. ஊர் ஊராக வேனில் போகிற ராக் குழுவில் இதில் ஒன்றுகூட நடக்காது.

பெரிய கம்பெனியா இருந்தா காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்ல வரலை. அவங்களும் தேதி கொடுத்து ஓட்டியிருப்பாங்க.

இப்போ அந்த ஆட்டத்துக்கு வருவோம். கர்ட்டிஸ் மேடையில் கைகளை முறுக்கி, வெட்டி வெட்டி ஆடுவார், கண் எங்கேயோ நிலைகுத்தியிருக்கும். நோய் தெரியும் முன்பே அவர் ஆட்டம் அப்படித்தான். 1978ல் டிவியில் வந்த காட்சியே இருக்கிறது. நோய் வந்தபிறகு பார்ப்பவர்களுக்கு எது ஆட்டம், எது வலிப்பு என்று தெரியாமல் போனது. சில இரவுகளில் மேடையிலேயே வலிப்பு வந்தது. கூட்டம் அதையும் நிகழ்ச்சியின் உச்சம்னு நினைத்துக் கைதட்டியது. சக கலைஞர்கள் அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோவார்கள்.

(நடுவில் ஒரு நிமிஷம். உங்க முன்னாடி யாருக்காவது ஃபிட்ஸ் வந்தா கையில் சாவி, இரும்பு எதுவும் கொடுக்காதீங்க. வாயில் எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. சரி, தொடர்வோம்.)

1980 ஏப்ரல் 4 இரவு லண்டனில் ஒரே நாளில் ரெண்டு நிகழ்ச்சி. ஒன்று ரெயின்போ அரங்கில், இன்னொன்று மூன்லைட் கிளப்பில். ரெயின்போவில் மினுக்கு விளக்குகள் வெட்டி வெட்டி அடித்தன, கர்ட்டிஸ் மேடையில் விழுந்தார். வலிப்பு நோயாளிகளில் ஒளியால் தூண்டப்படுகிறவர்கள் ஏறக்குறைய நூற்றில் மூன்று பேர்தான். அவருடையது அந்த வகையா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆனால் நாள்கணக்கில் தூக்கமில்லாத உடம்புக்கு விளக்கே தேவையில்லை. அதே இரவில் ரெண்டாவது நிகழ்ச்சியிலும் போய் நின்றார்.

சில நாளில் அவர் உயிரை விட முயன்றார். காப்பாற்றினார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி பரி என்ற ஊரில் நிகழ்ச்சி. மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே கூட்டிவந்தார்கள். ரெண்டொரு பாட்டு மட்டும் பாடினார், மீதியை வேறு ஆட்கள் பாடினார்கள். கூட்டம் கொதித்தது, பாட்டில் பறந்தது, அடிதடி. நான் இந்தக் கதையில் ரொம்ப நேரம் நிற்கிற இடம் இதுதான். உயிரை விட முயன்ற ஒருவரை, மனநல மருத்துவர் நிம்மதியாக உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டிய நாளில், மேடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை. 'நல்லாத்தான் இருக்கேன், கவலைப்படாதீங்க'ன்னு அவரே சொல்வார், நாங்களும் நம்பினோம் என்று பீட்டர் ஹூக் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 23, 24 வயசுப் பசங்க. வேற என்ன செய்வாங்க?

1980 மே 18ஆம் தேதி, அமெரிக்கப் பயணத்துக்கு முந்தின நாள், இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. இசைப் பத்திரிகைகளில் இதைக் காவியமாக்கி எழுதுவார்கள், பாடல்களில் முன்பே குறிப்பு இருந்தது, மேதை, விதி என்றெல்லாம். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மோசமாகக் கட்டுப்பட்ட வலிப்பு, அதற்கான மருந்துகளின் பாரம், மனச்சோர்வு, உடைந்துகொண்டிருந்த மணவாழ்க்கை, ஓய்வே இல்லாத வேலை. எதையாவது ஒன்றை மட்டும் காரணம்னு சொல்பவரை நம்பாதீங்க. ஆனால் இதில் பெரும்பாலானவை வைத்தியம் பார்க்கக்கூடியவை. (உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ அப்படி எண்ணம் வந்தால் 14416க்குக் கூப்பிடுங்க. தமிழில் பேசலாம்.)

அடுத்த மாதம் வந்த சிங்கிள் பிரிட்டன் பட்டியலில் 13ஆம் இடத்துக்கு ஏறியது. ஜூலையில் வந்த 'க்ளோசர்' 6ஆம் இடம். அவர் எதையும் பார்க்கவில்லை.

மிச்சப் பேர் மூன்று பேரும் பெயரை விட்டுவிட்டு 'நியூ ஆர்டர்' ஆனார்கள், கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். 1983ல் அவர்களுடைய 'ப்ளூ மண்டே' 12 அங்குல சிங்கிள்களில் அதுவரை இல்லாத அளவுக்கு விற்றது. ஃபேக்டரி அந்தப் பணத்தையெல்லாம் ஹசியெண்டா என்ற இரவு கிளப்பில் கொட்டியது. 1992ல் திவால். ஒரு பெரிய கம்பெனி வாங்க வந்து கணக்கைப் புரட்டியபோதுதான், பழைய தாளின்படி இசை எதுவும் ஃபேக்டரிக்குச் சொந்தமே இல்லை என்று தெரிந்தது. கர்ட்டிஸின் குழுவுக்கு அந்தத் தாள் இப்படி உதவியது.

நியூ ஆர்டரின் முதல் சிங்கிள் 1981ல் வந்த 'செரிமனி'. கர்ட்டிஸ் கடைசியாக எழுதிய பாடல்களில் ஒன்று. மே 2ஆம் தேதி பர்மிங்ஹாமில் நடந்த கடைசி நிகழ்ச்சியில்தான் அதை முதல்முறையாக மேடையில் பாடினார். வரிகளை அவர் எங்கும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. இருந்தது தெளிவில்லாத ஒலிநாடா மட்டும். சம்னர் அதை ஈக்வலைசரில் போட்டு, சத்தத்துக்கு அடியில் இருந்த குரலைத் தனியாக மேலே கொண்டுவரப் பார்த்தார். எத்தனை தடவை கேட்டும் சில சொற்கள் பிடிபடவில்லை. அந்த இடங்களில் ஊகித்துத்தான் பாடினார்.