45 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இருப்புப் பாதை

பின்கட்டுத் தோட்டத்தில் இருப்புப் பாதை போட்டிருக்கிறோம் என்றால், 'குழந்தைகளுக்கா?' என்பதே எல்லோருடைய முதற்கேள்வி. நாங்கள் என்பது அண்ணனும் தம்பியுமாகிய, நாற்பதைக் கடந்த இருவர். குழந்தைகளின் ஆர்வம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை என்பதே உண்மை.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரிலிருந்த லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் அறிமுகம் செய்த வகை இது. வெயிலிலும் மழையிலும் கிடப்பதற்கென்றே செய்யப்பட்ட பித்தளைத் தண்டவாளங்கள். இரண்டுக்கும் இடைவெளி 45 மில்லிமீட்டர். அளவு விகிதம் 1:22.5. பெருக்கிப் பார்த்தால் 1012 சொச்சம் வரும். அதாவது மீட்டர் கேஜ். எங்களை இதற்குள் இழுத்தது இந்தப் பெருக்கல்தான். அப்பா, மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதையில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியுமாகத் தம் எல்லைக்குட்பட்ட பாதையை நாள்தோறும் நடந்து பார்த்து, தளர்ந்த ஆப்புகளைத் தட்டி இறுக்குவது அவர் வேலை. அகலப் பாதையாக்குவதற்காக 2010-இன் இறுதியில் அந்தப் பாதை மூடப்பட்டது. தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும்தான் ரயில் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கழித்துவிட்ட ரயில் தொகுப்பு எங்கள் கைக்கு வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் அப்பா கேட்டது, 'கேப் எவ்வளவு விடணும்?' என்பதுதான். பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும் உலோகம். விடியற்காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் தண்டவாளச் சூட்டில் 40 டிகிரி வேறுபாடு இருந்தால், 10 மீட்டர் நீளம் ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர் நீளும். ஒவ்வோர் இணைப்பிலும் அதைப் பங்கிட்டுவிடாவிட்டால் பாதை பாம்பாக நெளியும். ஜல்லியிலும் அவருக்குக் கறார் உண்டு. ஆற்றுக் கூழாங்கல் உருளும். உடைத்த கல்லின் முனைகளே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். சிப்ஸ் ஜல்லியைச் சலித்துச் சலித்து எங்கள் 22 மீட்டர் வட்டத்துக்கும் இட்டோம்.

ஐகாரக் குறுக்கத்தை வகுப்பில் நடத்தும்போது இப்போதெல்லாம் எங்களில் ஒருவருக்கு இந்தப் பாதை நினைவுக்கு வந்துவிடுகிறது. எழுத்தின் வடிவம் மாறுவதில்லை, மாத்திரை மட்டும் குறைகிறது. எஞ்சினும் பெட்டியும் அப்படிக் குறுகியவை. ஆனால் மழைத்துளி குறுகுவதில்லை. ஐப்பசி மழை ஒரே இரவில் ஜல்லியை அரித்துக்கொண்டு போகிறது. பாதையின் குறுக்கே விழும் 2 செ.மீ. தடிமனுள்ள வேப்பங்குச்சி, எஞ்சினின் கணக்கில் ஒன்றரை அடி அடிமரம். கட்டெறும்பு ஸ்லீப்பரின் அடியில் மண்ணைத் தள்ளி ஒரு பக்கத்தை உயர்த்திவிட்டால் வளைவில் பெட்டி கவிழ்ந்துவிடும். பாதை போட்டது மூன்று மாத வேலை, மற்றதெல்லாம் பராமரிப்பு.

அவற்றுள் பெரிய வேலை துடைப்பது. தண்டவாளத்தின் வழியாகத்தான் எஞ்சினுக்கு மின்சாரம் போகிறது. பித்தளை கறுக்கும், ஆடிக்காற்று புழுதியைப் பூசும், எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும். முக்காலியை நகர்த்தி நகர்த்தி, மரக்கட்டையில் சுற்றிய துணியால் வட்டம் முழுவதையும் காலைதோறும் துடைத்து வந்தவர் அப்பா. 78 வயதில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது.

அண்ணன் வழி கண்டார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் லித்தியம் பேட்டரி, கையில் ரேடியோ கட்டுப்பாட்டுக் கருவி. மின்சாரம் தண்டவாளத்தில் ஓட வேண்டியதில்லை, ஆகவே துடைக்க வேண்டியதில்லை. உலகெங்கும் தோட்ட ரயில்காரர்கள் பலர் அப்படி மாறிவிட்டார்கள். முறைப்படி அதுவே சரி. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அப்ப நான் எதுக்குடா லைனப் பாக்கணும்?' என்றார். எங்களிடம் பதில் இல்லை.

குனிய முடியாதவர்களுக்குப் பாதையை உயர்த்திக் கொடுக்கும் வழக்கமும் தோட்ட ரயில்காரர்களிடையே உண்டு. நாற்காலியில் அமர்ந்தபடி கைக்கெட்ட 75 செ.மீ. போதும். ஒரு பகுதியை மட்டும் உயர்த்தலாமா என்று பார்த்தோம். 3 சதவீத ஏற்றத்தில் அவ்வளவு உயரம் ஏற 25 மீட்டர் வேண்டும். எங்கள் வட்டமே அவ்வளவு இல்லை. ஆகவே முழுப் பாதையையும் பெயர்த்து, ஹாலோ பிளாக் தூண்களின் மேல் கடப்பாக் கல் பரப்பி, மீண்டும் இடத் தொடங்கியிருக்கிறோம். செலவைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. இதுவரை 6 மீட்டர் முடிந்திருக்கிறது. வாங்கி வந்த பேட்டரி பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. ஐந்தாவது தூண் மட்டத்தில் இல்லை என்று அப்பா ரசமட்டம் வைத்துக் காட்டியதால், நேற்று அதைப் பிரித்துவிட்டோம்.