எட்டாயிரம் பேர் எங்கே போனார்கள்?

என் பெரியம்மா மகள் எங்கள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். டிக்டாக் இருந்த காலத்தில் அக்காதான் எங்கள் தெருவுக்கே ஹீரோயின்! டீ டைமில் வாயசைத்த ஒரு பாட்டை ரெண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். "சாப்டாச்சாக்கா?" என்று கேட்கவே தினமும் ஒரு கூட்டம் இருந்தது.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. அத்தனை பேரையும் காணோம். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து எட்டாயிரம் ஃபாலோயர் சேர்த்தார். இப்போது ஒரு வீடியோவை முந்நூறு பேர் பார்த்தாலே பெரிய விஷயம்.

போன வாரம் என்னிடம் கேட்டார்: "ஏன் கண்ணு, எனக்கு வயசாயிப்போச்சோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நம்ம ஊர் பாஷையிலேயே விளக்கினேன். "பையருக்கு முதல்ல சாம்பிள்தானே போகும்? அது ஓகே ஆனாத்தானே ஆர்டர்? ரீல்ஸும் அப்படித்தாங்க்கா. முதல்ல கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவங்க நின்னு பார்த்தா இன்னும் நிறையப் பேருக்குப் போகும். தள்ளிவிட்டுட்டா அதோட சரி."

2016 வரை இன்ஸ்டாகிராம் நாம் பின்தொடர்பவர்கள் போட்டதை, போட்ட வரிசையிலேயே காட்டியது. அப்புறம் நாம் எதை விரும்புவோம் என்று அதுவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஆகவே எட்டாயிரம் என்பது என்றைக்கோ பட்டனை அமுக்கியவர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். அதற்குள் எத்தனையோ பேருக்கு ஆர்வம் மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், போனே மாறியிருக்கும். அக்காவின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "அப்ப அந்த நாலு பேரு?"

பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் அக்கா எதுவுமே போடவில்லை. எட்டாயிரத்தில் நாலு பேர் மட்டும் "என்னாச்சுக்கா, ஆளையே காணோம்?" என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். நாலு பேருமே டிக்டாக் காலத்து ஆட்கள். தடைக்குப் பிறகு பேரைப் போட்டுத் தேடி வந்தவர்கள்.

"அவங்க எந்த சாம்பிளப் பார்த்துட்டு வந்தாங்க?"

என்னிடம் பதில் இல்லை.

இந்த சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அக்கா ஒரு வீடியோ போட்டார். 212 பேர் பார்த்தார்கள். அந்த நாலு பேரும் லைக் போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்.

சரி நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முன்பெல்லாம் தினமும் பார்த்து, இப்போது கண்ணில் படாமல் போன யாராவது ஞாபகம் வருகிறார்களா? பேரைப் போட்டுத் தேடி, "நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்.