சிறுத்தை நின்ற இடம்

பொரளையில் இரத்தம் கொடுத்துச் சோதிக்கப் போன இடத்தில், சுவர் நிறைய ஒரு சிறுத்தையின் முகம். மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்மணிக்குள் படமெடுத்தவரின் ஜீப்கூடத் தெரிகிறது. முகத்துக்குப் பின்னால்தான் ஒன்றுமில்லை, வெறும் பச்சை மங்கல். இது யாலவா, வில்பத்துவா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையா? என் பெயரைக் கூப்பிடும்வரை அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா நில அளவையாளர். சண்டைக்கு முந்திய காலத்தில் கமெராவோடு வில்பத்துக்குப் போய்வருவார். அவருடைய அல்பத்தில் படங்கள் உள்ளங்கை அளவு, எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒன்றில் பெரிய மரமொன்று. உச்சிக்கிளையில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு. கரடி என்றார். நான் மூக்கைத் தாளில் முட்டிக்கொண்டு பார்த்தேன். "கரடியை விடு, மரத்தைப் பார். பாலை பழுத்திட்டுது. அதுதான் இவர் ஏறி நிக்கிறார்." படத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். மாதம், அங்கே வில்லு என்று சொல்லும் குளத்தின் பெயர், தண்ணீர் எதுவரை நின்றது, காற்று எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதியிருந்தது. கரடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வைகாசி, ஆனியில் பாலைப்பழத்துக்காகக் கரடி எவ்வளவு உயரமும் ஏறும் என்பதை நான் அறிந்தது அன்றைக்குத்தான்.

வில்லுகளை ஆறு நிரப்புவதில்லை, அநேகமானவற்றுக்கு மழைதான். ஆடி, ஆவணியில் நீர் வற்ற, சுற்றிவர வெள்ளை மணல் தெரியும். மணலுக்கு மேலே புல், புல்லுக்கு அப்பால் காடு. புள்ளிமான் தண்ணிக்கு வருவதென்றால் அந்த வெளியைக் கடக்கவேண்டும். சிறுத்தை காட்டோரம் காத்திருப்பது அதற்காக. முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால் அது ஏன் அங்கே நின்றது என்பதே போய்விடுகிறது.

புகைப்படக்காரர் நிஹால் பெர்னாண்டோவை நான் கொண்டாடுவது இதனால்தான். அவருடைய படங்களில் மிருகத்துக்கு அதன் காடும் வானமும் கூடவே கிடைக்கும். 'த வைல்ட், த ஃப்ரீ, த பியூட்டிஃபுல்' நூல் வந்தது 1986இல். அதற்கு முந்திய வருடம் மே மாதத்தில், அநுராதபுரத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட அதே நாளில், வில்பத்து தேசியப் பூங்காவின் ஊழியர்களையும் கொன்றிருந்தார்கள். 1988இல் பூங்கா மூடப்பட்டது. திறக்க 2003 ஆயிற்று. அவ்வளவு காலமும் எங்களுக்கு வில்பத்து என்பது அந்த நூலின் பக்கங்களும் சித்தப்பாவின் அல்பமும்தான்.

இன்னொரு நிஹாலும் நினைவுக்கு வருகிறார். நிஹால் டி சில்வாவின் 'த ரோட் ஃப்ரம் எலிஃபன்ட் பாஸ்' நாவலில் ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு விடுதலைப் புலிப் பெண்ணும் வில்பத்துக் காட்டுவழியே தெற்கு நோக்கி நடக்கிறார்கள். இருவருக்கும் பறவை பார்க்கும் பழக்கம். பகைக்குள் அவர்களுக்கு முதலில் கிடைக்கும் பொதுப்பேச்சு அதுதான். அதை எழுதியவர் 2006 மே 28ஆம் திகதி அதே வில்பத்தில், கூடப்போனவர்களோடு கண்ணிவெடியில் இறந்தார். அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூங்கா மறுபடி மூடிக் கிடந்தது, 2010வரை.

இப்போது விடியவே ஹுனுவிலகம வாசலில் ஜீப்கள் நிற்கின்றன. ஏறியிருக்கும் பிள்ளைகளின் கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். சிறுத்தையை ஆசைதீர எடுங்கள். எடுத்த பிறகு சின்ன லென்ஸைப் போட்டு, வில்லு முழுதும் விழும்படி இன்னுமொன்று எடுங்கள். மாதத்தையும் தண்ணீர் நின்ற இடத்தையும் எழுதிவையுங்கள். இந்தக் காடு இரண்டு தரம் மூடப்பட்டதைப் பார்த்தவன் கேட்கிறேன்.