ஆயாவுக்குப் புரிந்த பூசை

எங்கள் ஆயாவுக்குப் பூசை என்றால் செபமாலைதான். விடியுமுன்பே முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்கம் கலையாத என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி நடப்போம். கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். கலெக்டர் ஆபீஸ் பக்கம் தெருவிளக்கு இன்னும் அணைந்திருக்காது.

கோயிலில் சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். லத்தீன் முணுமுணுப்பாகத்தான் காதில் விழும். பீடத்தடியில் முழங்காலிட்ட அண்ணன்மார், உபதேசியார் உருப்போட வைத்த மறுமொழியை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். ஆயாவுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அது தன்பாட்டுக்கு மணிகளை உருட்டிக்கொண்டிருக்கும். எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தால் மட்டும் தலைநிமிர்ந்து பார்த்து மார்பில் தட்டிக்கொள்ளும்.

1962 அக்டோபரில் ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து ‘சர்வவியாபி’ இதழைச் சத்தமாகப் படிப்பார். “நம்ம லூர்துசாமி ஆண்டகையும் போயிருக்காரும்மா” என்று ஆயாவிடம் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

‘நம்ம’ என்று சொல்ல அப்பாவுக்கு உரிமை இருந்தது. சைமன் லூர்துசாமி 1924இல் எங்கள் தென்னாற்காடு மாவட்டத்துக் கல்லேரியில் பிறந்தவர். கடலூர் புனித ஆக்னஸ் சிறு குருமடத்தில் படித்தவர். 1951இல் குருவாகி, ரோமில் திருச்சபைச் சட்டம் பயின்று திரும்பி, ‘சர்வவியாபி’க்கு ஆசிரியராகவும் இருந்தார். சங்கம் கூடிய அதே ஆண்டில்தான் பெங்களூர் துணை ஆயரானார்.

1963 டிசம்பர் 4 அன்று சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டுத் தாய்மொழிக்கு வழிவிட்டது. அதன்பின் தமிழ் எங்கள் கோயிலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வாசகங்கள், பிறகு மன்றாட்டுகள், கடைசியில் பூசை முழுவதும். சாமியாரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். அன்று ஆயாவின் விரல்கள் மணியை உருட்டாமல் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில், “ஏன்டா, இத்தினி வருசமா இதையா சொல்லிக்கிட்டிருந்தாங்க?” என்று கேட்டது. அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லோரையும் விட உரக்க மறுமொழி சொன்னது ஆயாதான்.

லூர்துசாமி 1968இல் பெங்களூர் பேராயரானார். இந்திய ஆயர்களின் வழிபாட்டுக் குழுவுக்கும் அவரே தலைவர். அவருடைய தம்பி அமலோர்பவதாஸ் சாமி, 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நடத்தினார். தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, கைகூப்பி வணங்குவது, ஆரத்தி எடுப்பது, விளக்கேற்றுவது முதலிய பன்னிரண்டு வழக்கங்களைப் பூசையில் சேர்க்க 1969 ஏப்ரலில் ரோம் இசைவு தந்தது. எங்கள் தெருவிலேயே சிலர் கொதித்தார்கள். கோயிலை இந்துக் கோயிலாக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். ஆயா அசரவில்லை. “குத்துவிளக்கு எங்கம்மா எனக்குச் சீதனமா குடுத்தது. அதுக்கு என்னடா மதம்?” என்றது.

லூர்துசாமி 1971இல் ரோமுக்குப் போனார். 1985இல் கர்தினாலாகி, கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார். 2014இல் மறைந்தார். இந்தப் பதவிகளையெல்லாம் விட, எழுத்தறியாத ஒரு கிழவியும் உரிமையோடு வாய்திறக்கும் இடமாகக் கோயிலை ஆக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதே எனக்குப் பெரிது. அந்த உரிமை இன்னும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. எங்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சாதிப் பாகுபாட்டை எதிர்த்ததற்கு 2008இல் கலவரம் மூண்டது. மொழிக்காகக் கதவைத் திறந்த திருச்சபை, சாதியையும் அதே துணிச்சலோடு வெளியேற்ற வேண்டும். லூர்துசாமியின் தலைமுறைக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை அதுதான்.